கண்ணாடிக்காரருக்குப் பாதி

அருப்புக்கோட்டை முத்துக்காளையின் சலூனில், சுவர்க் கண்ணாடிக்குள் இருக்கும் முத்துக்காளை அன்று காலை வேலை செய்யவில்லை. லாபத்தில் பங்கு எழுதித் தந்தால்தான் கத்திரியைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நாற்காலியில் மாப்பிள்ளை கார்மேகம். பத்தரைக்கு முகூர்த்தம். இந்தப் பக்கம் அவன் தலை பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. கண்ணாடியில் ஒரு முடி குறையவில்லை.

"அண்ணே, முடி வெட்டுறீங்களா, சும்மா கத்திரிய ஆட்டிக் காட்டுறீங்களா? கண்ணாடில பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றான்.

முத்துக்காளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை இங்கேயே உட்கார்ந்து முகூர்த்தம் தப்பினால், இனி ஊரில் ஒரு கல்யாணத் தலைகூட அவரை நம்பி வராது.

"தம்பி, வாடகை நான் குடுக்கறேன், கரண்டு பில்லு நான் கட்டறேன். உனக்கு எதுக்கய்யா பங்கு?" என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டார்.

"உங்க பல்பு எரிஞ்சா எங்க பல்பும் எரியுதுல்ல மொதலாளி? அந்த பில்லை எவன் கட்டுறான்? நீங்க வலது கையில வெட்டுறத நான் இடது கையில வெட்டுறேன். நீங்க ஒருநாள் வெட்டிப் பாருங்க."

அடுத்த ஷேவிங்குக்காகப் பெஞ்சில் காத்திருந்த பத்திர எழுத்தர் சவரியப்பன் பேப்பரை மடித்து வைத்தார். "நியாயந்தானப்பா. பாதிக்குப் பாதி போட்ரு. யோவ் கண்ணாடி, லாபத்துல பங்குன்னா நஷ்டத்துலயும் பங்கு. அப்புறம் மூஞ்சியத் திருப்பக் கூடாது."

"நீங்க திரும்பினாத்தானய்யா நான் திரும்புவேன்."

சவரியப்பன் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து எழுதினார். எழுதிக்கொண்டே எதிர்ச்சுவர்க் கண்ணாடியையும் பார்த்தார். ஒருவர் பின்னால் ஒருவராக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை முத்துக்காளைகள் கைகட்டி நின்றார்கள்.

"இவங்கல்லாம்?"

"எனக்கு வர்றதுல பாதி எனக்குப் பின்னால நிக்கிறவனுக்கு. அவனுக்கு வர்றதுல பாதி அவனுக்குப் பின்னால. நாங்க உள்ளுக்குள்ள பேசி முடிச்சாச்சு."

"கடைசி ஆள் யாரு? சாட்சிக் கையெழுத்து வாங்கணும்."

"அவரு இன்னும் நடந்து வந்துட்டிருக்காரு."

சவரியப்பன் அதற்கு ஒரு வரி இடம் விட்டார். கண்ணாடிக்காரர் வலமிருந்து இடமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கத்திரியை எடுத்தார். கோபத்தில் இருந்தாலும் கை சுத்தம். விட்டுப்போனதை வேகமாக வெட்டி எட்டிப் பிடித்தார்; மீதியை இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தார்கள்.

கார்மேகம் கண்ணாடியில் இடமும் வலமும் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ம்... இப்பத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்" என்று மண்டபத்துக்கு ஓடினான்.

முத்துக்காளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சவரியப்பன் தாடையைத் தடவியபடி நாற்காலிக்கு வந்தார். கண்ணாடிக்குள் மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை.

"எங்க பக்கம் முகூர்த்தம் சாயங்காலந்தாண்ணே. ஃபேஷியலும் பண்ணி விட்ருங்க."

சவரியப்பன் திரும்பிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். முத்துக்காளை காலி நாற்காலிக்குப் புதுத் துண்டு போர்த்தி, கழுத்துப் பக்கம் இறுக்காமல் முடிச்சுப் போட்டார்.