சுருட்டுப் பெட்டியின் இடுக்கு

மழைக்காலத்தின் நடுவில் சுருட்டுக் கடைக்காரர் காய ஆரம்பித்தார். முதலில் உதடு வெடித்தது, பிறகு உள்ளங்கை. மாதக் கடைசியில் அவர் படுக்கையில் புரண்டால் புகையிலைச் சருகை மிதித்ததுபோல் சத்தம் கேட்டது. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்த தண்ணீர் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மனைவிக்கு அவரைப் பற்றிக் கவலை. அவருக்குச் சுருட்டைப் பற்றிக் கவலை. சுருட்டுகளை ஈரம் போகாமல் வைத்திருக்கும் பெரிய தேவதாருப் பெட்டியும் அதே நேரத்தில் காய்ந்துபோய், உயர்ந்த ரகச் சுருட்டுகளின் மேல் இலையெல்லாம் விரிசல் விட்டிருந்தது.

பெட்டியைப் பார்க்க மனைவியின் அண்ணன் வந்தான். தச்சன். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். அதனாலேயே அவன் செய்த கதவுகளைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஷட்டரை இறக்கிக் கடையை இருட்டாக்கி, எரிகிற டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே இடுக்கு. பின்பக்கக் கீல் ஓரமாக நூல்போல் ஒரு கோடு தெரிந்தது. அதே கோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் இடது விலாவிலும், சட்டைக்குள்ளிருந்து தெரிந்தது.

“மாப்பிள்ளைக்கும் ஈரம் அங்கதான் போகுது. கவலைப்படாதே, ஒரே வேலையா முடிச்சிடலாம்” என்றான் தங்கையிடம்.

இடுக்கில் மெல்லிய தேவதாருச் சீவலை ஒட்டினால் போதும். மூடி கொஞ்சம் மூச்சுவிட வேண்டும் என்பது பெட்டி செய்கிற எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் தங்கை புருஷன் ஆயிற்றே என்று, சீவலுக்கு மேல் சுற்றிலும் சிலிக்கான் பசையைத் தாராளமாக இழுத்துவிட்டான். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

விலாவில் வெளிச்சம் அணைந்தது. கடைக்காரருக்குக் கன்னத்தில் சதை வைத்தது, கை மெத்தென்று ஆனது. பேச்சு நின்றது. சிரிப்பு, தும்மல், பெருமூச்சு எதுவும் வெளியே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாய் ஓயாத மனிதர். “கொஞ்ச நேரம் சும்மா இருக்கக் கூடாதா?” என்று தினமும் எரிந்து விழுந்த மனைவி, இப்போது எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. வெயில் காலம் வந்தபோது சுருட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. அவர் காதுக்குள்ளும் பூத்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள். “பசையை எடுத்தா மறுபடி காய்வாரு. அப்புறம் என்மேல பழி போடக் கூடாது” என்றான். அவன் எடுக்க மாட்டான் என்பது புரிந்துவிட்டது. பேசாத புருஷன் நெடுநாள் இருப்பார். பேசுகிற புருஷன் அவ்வளவு நாள் இருக்கமாட்டார். அவரையே கேட்டாள். அவர் வழக்கம்போல் தலையை ஆட்டினார், ஆமாவா இல்லையா என்று விளங்காத ஆட்டல். கொண்டை ஊசியால் பெட்டியின் கீல் ஓரத்தில் நூலளவு பசையைச் சுரண்டினாள்.

பின்னால் நாற்காலியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. “அப்பாடா! உங்கண்ணன் பசைக் குழாயை எடுத்தப்பவே வேண்டாம்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள பூசிட்டான்.”

அன்றைக்கே மறுபடி காயத் தொடங்கினார், இந்த முறை மெதுவாக. அடுத்த மழைக்காலத்தில் அவருடைய மோதிரம் விரலை விட்டுக் கழன்று விழுந்தபோது அவள் பதறிப்போய், “ஏங்க, அடைச்சிடவா?” என்று கேட்டாள்.

“நாளைக்கு அடைக்கலாம். நேத்து விட்ட கதையை இன்னும் முடிக்கலையே” என்றார்.

மறுநாளும் அதையே சொன்னார். வருஷங்கள் போயின. பேசிப் பேசி எடை குறைந்து, கடைசியில் அவள் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிற நிலை வந்தது. காற்று வீசும் நாட்களில் சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, இருவருக்கும் வணக்கம் சொல்வார்கள். அவள் பதில் வணக்கம் சொல்வதில்லை. அவர் அவள் காதருகே பேசிக்கொண்டு வருவார். ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று கேட்டபடி நடப்பாள்.