வீட்டுக்கு ஓர் ஆடு

மடியைத் தொடுவதற்கு முன் ஜெசுயினா இரண்டு கைகளையும் அக்குளில் செருகிச் சூடாக்கிக்கொண்டாள். பிப்ரவரிக் குளிரில் விறைத்த விரலோடு தொட்டால் ஆடு பாலை மேலே இழுத்துக்கொள்ளும். அதிலும் இந்த மந்தையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம். காது மடங்கியவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆடு நிற்க வேண்டும். நெற்றியில் கறுப்புப் பொட்டு உள்ளவளுக்குச் சீழ்க்கை அடிக்க வேண்டும். தெரேசக்கா வீட்டிலிருந்து வந்தது யாராவது முனகலாகப் பாடினால்தான் சுரக்கும். அந்தியோகு மாமா வீட்டு ஆடு எதற்கும் மசியாது. உதைக்கும். அதைக் கடைசியில்தான் கறப்பாள். அதற்குள் உதை வாங்கவும் தெம்பு இருக்காது, திட்டவும் தெம்பு இருக்காது.

அவள் புருஷன் பைன்சு ஆடுகளைக் கறக்கும் இடத்துக் குறுகிய கற்சந்துக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான். அவனால் முடிந்தது அதுதான். போன ஜூலையில் மலையில் தீப்பிடித்தபோது, பழுக்கக் காய்ந்திருந்த இரும்புக் கொண்டியை வெறுங்கையால் இழுத்துப் பட்டியைத் திறந்துவிட்டவன் அவன். கதவு திறந்தது. ஆடுகள் வரவில்லை. நெருப்பைக் கண்டால் ஆடு ஓடாது. மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே நின்று எரிந்தன. புண் ஆறிய பிறகு அவன் உள்ளங்கைத் தோல் மெழுகு வழிந்தது போல இறுகிவிட்டது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. கறவை முழுவதும் ஜெசுயினாவின் கைக்கு வந்து சேர்ந்தது.

எரிந்த மந்தையும் நிலமும் நகரத்தில் இருக்கும் வக்கீல் தெலோகுவுடையவை. பைன்சுவும் ஜெசுயினாவும் வாரக்காரர்கள். உழைப்பு இவர்களுடையது, அதற்குப் பாலிலும் குட்டியிலும் பாதி, ஜூன் மாதம் கறவை முடிந்த பிறகு. குடியிருக்கும் இரண்டு அறையும் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான்.

அந்த ஊரில் ஒருவனுடைய மந்தை அழிந்தால் ஆடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து அவன் பட்டியில் விடும். நோஞ்சானைக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது. வாங்குகிறவன் நன்றி சொல்லவும் கூடாது. சொன்னால் கணக்கு அங்கேயே தீர்ந்துபோகும். அடுத்து யாருக்கு இழப்பு வருகிறதோ, அவர் வாசலில் ஓர் ஆட்டோடு போய் நிற்க வேண்டும். பைன்சு பதினாறு வயதிலிருந்து வாரத்துக்கு மேய்க்கிறவன். சொந்தமாக ஆடு இருந்ததில்லை. அதனால் இதுவரை அவன் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை, வாங்கவும் வேண்டியிருக்கவில்லை. தீ அணைந்த பிறகு ஊர்க்காரர்கள் வக்கீலுக்காக வரவில்லை. அந்தக் கைகளுக்காக வந்தார்கள்.

ஊர் ஆடு கொண்டுவருவதற்கு முந்தின நாளே அந்தியோகு மாமா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், ஆடுகளை என் பட்டியில் வாங்கிக்கொள், என் மேட்டிலேயே மேயட்டும், வசந்தத்துக்குள் உனக்கு ஒரு குத்தகை பார்ப்போம் என்று. பைன்சு கேட்கவில்லை. எரிந்த இடத்தில்தான் வாங்க வேண்டும், அடுத்தவன் பட்டியில் நின்று வாங்கினால் பிச்சை மாதிரி இருக்கும் என்றான். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரியேறிய மதிலுக்குள், வக்கீலின் கதவு வழியாக ஆடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்தந்த வீட்டு மணி. பைன்சு இரண்டு கைகளிலும் கட்டோடு நின்றான். வாயே திறக்கவில்லை. ஜெசுயினாவும் பேசாமல் ரொட்டி நறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சொந்த மந்தை என்ற எண்ணத்தை அன்று ஒரு பொழுது அவள் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் வக்கீல் தெலோகு காரில் வந்து இறங்கினார். நல்ல ஒயினாகக் கொண்டுவந்திருந்தார். அவரே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி" என்றார். முற்றத்தில் பேச்சு அடங்கிப்போனது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்த அந்தியோகு மாமா வக்கீல் நீட்டிய கையைப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "யாருப்பா அது நன்றி சொல்றது?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் வக்கீல் ஓர் ஆளோடு வந்தார். அவன் கையில் காது குத்தும் இடுக்கியும் காதில் மாட்டும் எண் போட்ட மஞ்சள் வில்லைகளும் இருந்தன. பைன்சு கதவை மறித்து நின்றான்.

"ஐயா, இது எனக்கு வந்த ஆடு."

வக்கீல் கோபப்படவில்லை. அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "உனக்குப் பட்டி ஏது பைன்சு? நிலம் ஏது? நிலம் இல்லாதவன் பேர்ல ஆட்டைப் பதியவே மாட்டாங்க. எரிஞ்சது என் ஆடு. அதுக்குப் பதிலா வந்தது இது. பாதிப் பால் உனக்கு, எப்பவும் போல. நான் என்ன இல்லேன்னா சொல்றேன்?"

பைன்சுவின் கைகளில் கட்டு இருந்ததால் ஆட்டைப் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஜெசுயினா ஒவ்வொரு தலையையும் தன் முழங்காலோடு அணைத்துப் பிடித்தாள். இடுக்கி கடிக்கும்போதெல்லாம் ஒரு சொட்டு ரத்தம் அவள் இடுப்பில் முன்பக்கம் கட்டியிருந்த துணியில் விழுந்தது. வந்த ஆள் பழைய மணிகளையும் அவிழ்த்துச் சாக்கில் போட்டான். பத்து வீட்டு மணி பத்து விதமாகச் சத்தம் போடுவது வக்கீலுக்குப் பிடிக்கவில்லையாம், ஒரே வார்ப்பில் புது மணி வாங்கியிருந்தார். அந்தியோகு மாமா வீட்டு ஆட்டின் மணியை மட்டும் ஜெசுயினா துணிக்குள் மறைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போது அந்த மணி கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது.

கறந்து முடித்து வாளிகளை மூடிக்கொண்டிருந்தபோது தெரேசக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். புருஷனை இழந்தவள், கையளவு மந்தை வைத்திருக்கிறவள்.

"என் மகாராணி எப்படி இருக்கா? பாடறியா அவளுக்கு?"

"பாடறேன் அக்கா. என் குரலுக்குப் பாதிதான் குடுக்கறா."

"அது போதும். முழுசும் குடுத்தா வக்கீலுக்குத் தொப்பை இன்னும் ஏறும்."

அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னாள். அக்டோபரில் நீலநாக்கு நோய் வந்து அந்தியோகு மாமாவின் மந்தை முழுவதும் போயிருந்தது. நாக்கு வீங்கி, வாயில் நுரை தள்ளி, ஒரு வாரத்துக்குள் பட்டி காலி. நோயைப் பரப்பும் பூச்சி குளிரில் சாகட்டும் என்று ஊர் காத்திருந்தது. பனி கொட்டியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆடு.

"உங்க மதில் ஓரமாத்தான் எல்லாரும் போவோம்" என்ற தெரேசக்கா ஆடுகளின் காதிலிருந்த மஞ்சள் வில்லைகளைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். "சரி, நான் வர்றேன்" என்று நடந்தாள்.

வெள்ளிக்கிழமை வக்கீல் பாலாடைக்கட்டி எடுக்க வந்தார். பெரும்பாலான பாலை லாரி கொண்டுபோய்விடும். வாரத்தில் ஒரு நாள் பாலை மட்டும் லாரிக்குக் கொடுக்காமல் நிறுத்தி, ஜெசுயினா அவர் வீட்டுக்கென்று கட்டி போடுவாள். அப்போது செப்புக் கொப்பரையில் பால் உறைந்திருந்தது. பால்குடி மறக்காத குட்டியின் இரைப்பையைக் காயவைத்து இடித்த உறை. ஜெசுயினா முழங்கை வரை கையை விட்டு உடைந்த திரளை அடியிலிருந்து அள்ளிச் சேர்த்து, அச்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வெதுவெதுப்பான தெளிநீர் மேசை விளிம்பு வழியாக வாளியில் விழுந்தது. அதை மறுபடி காய்ச்சினால் மேலே மிதந்து வரும் ரிக்கோட்டாதான் அவர்களுடைய ராச்சாப்பாடு.

பைன்சு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துப் பேசினான். குளிரைச் சொன்னான், புல்லைச் சொன்னான், அந்தியோகு மாமாவின் கண்ணைச் சொன்னான். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. வக்கீல் அலமாரியில் முற்றிக்கொண்டிருந்த கட்டிகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தபடி உம் கொட்டினார். கடைசியில் ஜெசுயினாதான் அச்சிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஒரு ஆடு வேணும் ஐயா. ஞாயித்துக்கெழம நாங்களும் போகணும்."

"எதுக்குப் போகணும்?"

"வாங்கினவங்க குடுக்கணும்."

வக்கீல் சிரித்தார். நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. "அன்னிக்கே நான் ஒவ்வொருத்தருக்கும் கையைப் பிடிச்சு நன்றி சொன்னேனேம்மா. அதோட முடிஞ்சுதே."

"எங்க பாதியில கழிச்சுக்கோங்க."

"பாதி ஜூன்லதான். இப்பவே பிரிச்சுப் பிரிச்சு எடுத்தா கணக்கு நிக்குமா? அப்ப ஒரு குட்டியா எடுத்துக்கோ, நானே நல்லதாப் பாத்துத் தர்றேன்."

"ஞாயித்துக்கெழம ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார். அலமாரியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். நன்றாக முற்றியது. "இதைக் கொண்டுபோய்க் குடு. என் பங்குலேர்ந்தே தர்றேன். நான் குடுத்தேன்னு சொல்லு."

"செத்ததுக்குப் பதிலா உசுருள்ளதைத்தான் குடுப்பாங்க, ஐயா."

"அப்ப நான் என்ன செய்யறது, சொல்லு" என்றார் வக்கீல். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. பைன்சு மற்ற கட்டிகளைக் காரில் ஏற்றினான். மேசையில் வைத்த கட்டியை ஜெசுயினா ஓடிப்போய்க் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பைன்சு கயிறு ஒன்றைத் தேடி எடுத்து அதன் முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த உதைகாலியை ஓட்டிட்டுப் போறேன்" என்றான். "மாமா குடுத்தது. மாமா வீட்டுக்கே போவுது. எவன் என்ன கேப்பான்?"

"அது காதுல இருக்கற நம்பரு யாரு பேருல இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"உன்னைப் புடிச்சா பரவால்ல. ஆடு கெடக்கிற எடத்துக்குத்தானே போலீசு வரும்? கண்ணு தெரியாத மனுசனைத் திருட்டு ஆடு வாங்கினவருன்னு நிக்க வைக்கப் போறியா? அதுக்கு நாம போகாமலே இருக்கலாம்."

அவன் கயிற்றைக் கீழே போடவில்லை. வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். மடங்காத விரல்களில் அது நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது.

"அன்னிக்கே அவரு பட்டியில வாங்கியிருக்கணும்" என்றான்.

இதை ஜெசுயினா செப்டம்பரிலிருந்து ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறவை பாதியில் இருக்கும்போது கீழே பாதையில் முதல் மணி கேட்டது. பின்னாலேயே இன்னொன்று, வேறு சுருதியில். சந்தில் நின்ற ஆடு தலையைத் தூக்கியது. பட்டியிலிருந்த எல்லா ஆடுகளும் தலையைத் தூக்கின. தன் பழைய வீட்டு மணி மதிலைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் கத்தியது. பொட்டுக்காரி மதில்மேல் முன்காலை வைத்து எட்டிப் பார்த்தது. ஆட்டோடு வந்த ஒவ்வொருவரும் அந்த இடத்தில் நடையைத் தளர்த்தினார்கள். கதவு திறக்குமா என்று ஒரு கணம் நின்றார்கள். பிறகு மேட்டைப் பார்த்து நடந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பைன்சு வைக்கோல் கொட்டகைக்குள் போனவன் வெளியே வரவில்லை.

கடைசியாகத் தெரேசக்கா வந்தாள். அவள் நடையைத் தளர்த்தவில்லை. ஆட்டோடு நின்றே விட்டாள்.

ஜெசுயினா உதைகாலியைக் கறந்து முடித்தாள். அது அன்றும் உதைத்தது. வாளியை மூடி வைத்துவிட்டு, கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வெளியே வந்தபோது கதவுக்குப் பின்னால் தொங்கிய மணி அவள் கையில் இருந்தது. மணியின் நாவை விரலால் பிடித்திருந்தாள், சத்தம் வராமல். தெரேசக்கா மணியைப் பார்த்தாள். "வா" என்றாள். இரண்டு பேரும் ஓர் ஆடும் மேடேறினார்கள்.

அந்தியோகு மாமா தன் பட்டிக் கதவோரம் கல்லில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மணி கேட்டதும் வீட்டின் பேரைச் சொல்வார். கையை நீட்டி ஆட்டின் முதுகு ரோமத்தை ஒரு தடவை தடவுவார். மற்றொரு கையால் கதவைத் திறந்து ஆட்டை உள்ளே விட்டுச் சாத்துவார். முன்னால் போனவர்கள் வெறும் கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

"தெரேசா வீடு" என்றார். தெரேசக்காவின் ஆடு உள்ளே போனது.

ஜெசுயினா குனிந்தாள். முழங்கால் உயரத்துக்கு மணியை இறக்கி, நாவிலிருந்து விரலை எடுத்தாள். ஆடு நடக்கும்போது ஆடுகிற மாதிரி அது இரண்டு மூன்று தடவை அடித்தது.

கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருடைய தகப்பன் காலத்து மணி அது. எரிந்த பட்டிக்கு அவரே கட்டி அனுப்பியது. ஓரமாக நின்றவர்களில் ஒருவர்கூட அசையவில்லை.

"பைன்சு வீடு" என்றார்.

கை நீண்டது. ரோமம் இருக்க வேண்டிய உயரத்தில் காற்றைத் தடவியது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து, மணியைப் பிடித்திருந்த ஜெசுயினாவின் கையில் பட்டது. பால் இன்னும் காயாத விரல்கள். அவர் அவற்றை ஒரு தடவை தடவினார், மற்ற ஆடுகளைத் தடவின மாதிரியே. பிறகு கதவைத் திறந்தார். ஓர் ஆடு நுழைகிற நேரம் அதைத் திறந்தபடி பிடித்திருந்து, சாத்தி, கொண்டியை மாட்டினார்.