மேலே மட்டும் இறுகிய தொட்டி

"அவனுக்கு என்னடி குறைச்சல்?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். இவள் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது.

அவன் அக்காவின் கொழுந்தன். அக்கா புருஷனான மாமாவின் பட்டறையில் பாலியெஸ்டர் ரெசினை அச்சில் ஊற்றிக் கைகழுவும் தொட்டி செய்வார்கள். அங்கே அவனுக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பேர். எந்த வேலையைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுவானாம். முடித்ததாகத்தான் சரித்திரம் இல்லை. இன்று சாயங்காலம் அவன் அம்மா பெண் கேட்டு வருகிறாள். அதற்குள் இவள் சரியென்று சொல்லிவிட வேண்டும்.

காலையில் இவளுக்கு வித்தை காட்ட அவனே ரெசின் கலந்தான். ரெசின் தேன் மாதிரி. தானாக இறுகாது, அளவாக ஹார்டனர் விட்டால்தான் நிதானமாகக் கல்லாகும். மாமா அளவுக் குவளையை நீட்டினார்.

"அதெல்லாம் உங்களுக்குண்ணே. எனக்குக் கையே தராசு."

கொஞ்சம் விட்டால் இறுகும், நிறைய விட்டால் சீக்கிரம் இறுகும் என்பது அவன் விஞ்ஞானம். இறுகியது, வாளிக்குள்ளேயே. சூடேறிப் புகைந்து பாளம் பாளமாக வெடித்தது.

"சரக்கு சரியில்ல" என்றார் 'அஞ்சு நிமிஷ'த் துரை.

அடுத்த வாளியில் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணுக்கு மருந்து விடுவதுபோல் ஹார்டனரை விட்டான். அச்சில் ஊற்றியது மத்தியானம் தாண்டியும் பிசுபிசுத்தது. யாரும் இல்லாதபோது பிரஷ்ஷால் ஹார்டனரை மேலே பூசினான். இவள் இருந்தாள், இவளை அவன் ஓர் ஆளாக எண்ணவில்லை.

மேல்பக்கம் இறுகியது. அக்காவையும் மாமாவையும் கூப்பிட்டு, விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். "கேளுங்க அண்ணி. கல்லு."

அச்சைக் கழற்றினார்கள். மேல்தோல் பாலாடை மாதிரி தனியே வந்தது. அடியில் இருந்ததெல்லாம் கூழாக அவன் செருப்பில் வழிந்தது.

"கலக்கும்போது இவ பக்கத்துல நின்னா. கவனம் சிதறிடுச்சு" என்றான். பிறகு இவளிடம், "சுரண்டித் துடைச்சு வை. அம்மா வர்ற நேரம்."

இவள் அக்காவைப் பார்த்தாள். "அவங்கள வர வேண்டாம்னு சொல்லிடுக்கா. எனக்கு இஷ்டமில்ல."

"ஏன்டி, ஒரு தொட்டிக்காகவா?"

"தொட்டி கிடக்குது. நாளைக்கு இவர் கால் தடுக்கி விழுந்தாலும் நான் பக்கத்துல நின்னதாலன்னுதான் சொல்வார்."

அண்ணன் தனக்காகப் பேசுவார் என்று அவன் காத்திருந்தான். அவர் சுரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பு ஒவ்வோர் அடிக்கும் தரையில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்துவர, வெளியே போனான்.