வெட்டிய இடம்

"இதோ, இப்ப வரும் பாருங்க," என்று மச்சான் செல்போனை வந்தவரின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

வந்தவர் அப்பாவோடு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு இப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். கூடத்தின் நடுவே கிடத்தியிருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சின்னத் திரையில் இருந்த அப்பாவைப் பார்த்தார். முதலில் முகத்தில் ஒன்றுமில்லை. மெல்லப் புருவம் சுருங்கியது. அப்புறம் உதடு கோணியது. கர்சீப்பைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவினார்.

கதவோரம் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த சின்னவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த இடத்தில் மூச்சை இழுப்பார்கள், எந்த இடத்தில் உடைவார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். அந்த வீடியோவை வெட்டி ஒட்டியவனே அவன்தான்.

"கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாரே மனுஷன்! கடைசி நேரத்துல இந்த மாதிரி யாருக்குக் கிடைக்கும்? கொடுத்து வச்ச பிள்ளைங்கப்பா நீங்க," என்றார் வந்தவர்.

"எடுத்தவன் அங்க நிக்கிறான் பாருங்க," என்றார் மச்சான். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். "தொழில்காரன் இல்லையா. என்னமா எடுத்திருக்கான்!"

வந்தவர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். பாதி விரிந்த நாற்காலி இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விலாவில் குத்தியது. அவன் அப்படியே நின்றான். குத்தட்டும் என்றிருந்தது.

சினிமாவுக்கு டிரெய்லர் வெட்டுவது அவன் பிழைப்பு. அந்தத் தொழிலில் அவனுக்கு 'கர்சீப்' என்று பட்டப்பெயர். படுத்துவிட்ட படங்களுக்குக்கூட அவன் வெட்டிய டிரெய்லர் ஓடு ஓடென்று ஓடியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் படத்தை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, "இதுல எங்கயாவது ஒரு நல்ல படம் இருந்தா கண்டுபிடிச்சுக் குடுங்க," என்பார்கள். அவனும் கண்டுபிடித்துக் கொடுப்பான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அவன் சொல்வான்: "ஒருத்தன் அழறதைத் தூரத்துல இருந்து காட்டினா அது அவன் அழுகை. முகத்துக்குக் கிட்டப் போயிட்டா அது பாக்கறவன் அழுகை. அதே முகத்தைத் தொட்டிலுக்கு அடுத்து ஒட்டு, பாசம்னு நினைப்பான். பூட்டின கதவுக்கு அடுத்து ஒட்டு, பயம்னு நினைப்பான். முகத்துல ஒண்ணும் இல்ல, எல்லாம் ஒட்டறதுல இருக்கு." இதைச் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சேர்த்துக்கொள்வான். "கை நீளுதா? அது எதையாவது தொடறதுக்கு முன்னாடி வெட்டிடு. அப்பதான் டிக்கெட் வாங்குவான்."

அப்பாவுக்கு இந்தத் தொழில்மீது பெரிய மரியாதை இருந்ததில்லை. அவன் வெட்டிய டிரெய்லரை நம்பிப் படத்துக்குப் போய்விட்டு வருவார். "டிரெய்லர்ல காட்டின படம் எந்தத் தியேட்டர்லடா ஓடுது? நானும் உங்கம்மாவும் தப்பான எடத்துக்குப் போயிட்டோம் போல," என்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். அப்புறமும் அடுத்த படத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

கடைசி மாதங்களில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாகக் கீழே சரிந்துவிடும். அப்போது வலது கையை நீட்டுவார். வாய் திறந்து கேட்க மூச்சு பத்தாது. பக்கத்தில் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து, இன்னொரு கையை முதுகுக்குக் கொடுத்து, மேலே ஏற்றிவிட வேண்டும். அம்மா செய்வாள், அக்கா செய்வாள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று அவனும் செய்தான். எலும்பும் தோலுமான அந்த முதுகு உள்ளங்கையில் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாதபடி தெரியும்.

இன்று காலை அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அம்மா குளிக்கப் போயிருந்தாள். வெளிநாட்டிலிருந்து கிளம்பியிருந்த அண்ணன், விமானம் மாறும் இடத்திலிருந்து போன் செய்து, "நான் வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குடா. அப்பா பேசறதைக் கொஞ்சம் எடுத்து அனுப்பேன்," என்று கெஞ்சினான்.

சின்னவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று எடுக்க ஆரம்பித்தான். முதலில் அறை முழுக்க: ஜன்னல், மருந்து மேஜை, தண்ணீர்ச் செம்பு, கட்டிலில் சின்னதாக ஒரு மனிதர். வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து தலையணைமேல் விழுந்திருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்துக்காகப் படப்பிடிப்பில் நாள் கணக்காகக் காத்திருப்பார்கள்.

"பெரியவன்... கிளம்பிட்டானா?"

"கிளம்பிட்டான்ப்பா. சாயங்காலம் வந்துடுவான்."

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். அப்பாவின் முகம் திரையை நிறைத்தது. உடம்பு சரிந்துகொண்டிருப்பது இப்போது திரைக்கு வெளியே போய்விட்டது. கை மேலே எழுந்தது. விரல்களின் இடுக்கில் வெயில் சிவப்பாக வழிந்தது. எத்தனையோ படங்களில் தேடியும் அவனுக்குக் கிடைக்காத ஷாட் அது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கையைத் தொடர்ந்து போனான்.

"அப்படியே இருங்கப்பா," என்றான்.

வாய்விட்டுச் சொன்னான். மனதுக்குள் அல்ல.

கை ஒரு பக்கமாகத் துவண்டபோதுதான் அவனுக்கு உறைத்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அப்பாவின் முதுகுக்குக் கையைக் கொடுத்தான். தூக்கினான். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மா ஈரத் தலையோடு ஓடிவந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்துப் போகும் நர்ஸ், கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எப்படியும் இன்னைக்கோ நாளைக்கோன்னுதான் இருந்தாரு. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றாள். எல்லா வீட்டிலும் அவள் சொல்லும் வார்த்தைதான். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டதை நினைத்து உடனே கூசினான்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அண்ணன் மறுபடி கூப்பிட்டான். போனில் கேட்டது பேச்சாக இல்லை, விமான நிலையத்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆம்பளையின் ஊளை. "ஏதாவது எடுத்தியாடா? எதையாவது அனுப்புடா," என்றான். சின்னவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அவன் யோசிப்பதற்கு முன்பே விரல் வேலையை ஆரம்பித்துவிட்டது. அப்பா அண்ணனைக் கேட்கும் முகம். அண்ணன் வருகிறான் என்ற பதில். எழும் கை. 'அப்படியே இருங்கப்பா' வரும் இடத்தில் மட்டும் ஒலியைத் துடைத்தான். கை அதன் உச்சத்தில், விரல்கள் விரிந்து, வெயிலில் நிற்கும் இடத்தில் வெட்டினான்.

அனுப்பினான். அண்ணன் அதைக் குடும்பக் குழுவில் போட்டான். மதியத்துக்குள் சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துவிட்டது.

அம்மா மட்டும் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் போனைக் கொண்டுபோய் வைத்தது அக்காதான்.

"பாரும்மா. எல்லாரையும் நினைச்சுக்கிட்டேதான் போயிருக்கார்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. கடைசி வரை பார்த்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள். தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு நடுவே சின்னவனைத் தேடினாள்.

"உள்ள பீரோல போர்வை எடுக்கணும். எனக்கு எட்டாது. வா."

பீரோ திறந்துதான் இருந்தது. போர்வை கீழ்த்தட்டில் இருந்தது. அம்மா கதவைச் சாத்தினாள்.

"இது முழுசா, வெட்டினதா?"

"வெட்டினதும்மா."

"முழுசு வச்சிருக்கியா?"

அவன் தலையாட்டினான்.

"போடு."

அவன் போட்டான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அவன் பீரோவைப் பார்த்துத் திரும்பி நின்றான். அப்பாவின் குரல் கேட்டது. தன் குரல் கேட்டது. சற்று நிசப்தம். அப்புறம் 'அப்படியே இருங்கப்பா' கேட்டது. வேலை நேரத்தில் வரும் குரல் அது. தயாரிப்பாளர்களிடம், உதவியாளர்களிடம் பேசும் அதே பொறுமையான, இனிமையான குரல். அது அந்தச் சின்ன அறையில் கேட்டபோது அவனுக்குக் காதுமடல் வரை எரிந்தது. அதற்குப் பிறகு மூச்சு இழுபடும் ஓசை. போன் கட்டிலில் விழுந்த சத்தம். முடிந்தது.

கூடத்தில் யாரோ காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கும் சத்தம் கேட்டது.

"நீ சொன்ன மாதிரியே வச்சிருக்கார் பாரு கையை," என்றாள் கடைசியில். "நான் ஒண்ணு சொன்னா ஒரு நாளாவது கேட்டிருப்பாரா அந்த மனுஷன்."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, நான் வேணும்னு..."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்டா."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேம்மா. அண்ணன் வந்ததும் சொல்லிடறேன்."

"எதுக்கு? உன் நெஞ்சு லேசாகறதுக்கா?"

கேள்வி சரியாக வந்து விழுந்திருந்தது.

"அழிச்சுடட்டுமா?"

"அழிச்சா ஆகலைன்னு ஆயிடுமா? வச்சுக்கோ." போனை அவனிடம் நீட்டிவிட்டு எழுந்தாள். போர்வையை அவளே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அண்ணன் வந்து இறங்கியபோது மணி நான்கை நெருங்கியிருந்தது. பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த வலது கையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான். கூடம் மொத்தமும் விம்மியது. வழி நெடுக அழுது அழுது அவன் கண்கள் வீங்கிக் கிடந்தன.

"பிளேன்ல பூரா அதையேதான் பார்த்துக்கிட்டு வந்தேம்மா. பக்கத்து சீட்டுக்காரங்க தண்ணி வாங்கிக் குடுத்தாங்க. நான் கிளம்பிட்டேனான்னு கேட்டுட்டு உடனே கையை நீட்டறார் பாரு. என்னைத்தானே கூப்பிட்டார்? என்னைத்தானேம்மா?"

சின்னவன் வாயைத் திறந்தான்.

"ஆமாம்ப்பா," என்றாள் அம்மா. "உன்னைத்தான்."

அண்ணன் மறுபடி குனிந்துகொண்டான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சின்னவன் பக்கம் அவள் பார்வை திரும்பவே இல்லை. யாருக்காகவும் இப்படி ஒரு பொய் சொல்லி அறியாதவள் அவள். சினிமா டிக்கெட் வாங்கும்போதுகூட பிள்ளைகளின் வயதைக் குறைத்துச் சொல்ல மாட்டாள். அவளையும் தன் வேலைக்கு ஒத்தாசையாக இழுத்துப் போட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. காலையில் பட்ட வெட்கத்துக்குக் கீழே இறங்க இனி இடமில்லை என்று நினைத்திருந்தான். இது அதற்கும் கீழே போயிற்று.

சற்று நேரத்தில் அண்ணன் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டான். "நீ இல்லன்னா எனக்கு அப்பாவோட கடைசி முகம்கூட இருந்திருக்காதுடா."

"சரிண்ணா," என்றான்.

வண்டி வந்தது. கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மச்சான் வாடகை நாற்காலிகளை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த அண்ணன் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். அக்கா அவன்மேல் போர்வையைப் போர்த்தினாள்.

அப்பாவின் அறையில் அம்மா தனியாக மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரிப்பையும் தலையணை உறைகளையும் ஏற்கெனவே உருவிப் போட்டிருந்தாள். கனமான பஞ்சு மெத்தை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை கட்டிலைவிட்டு வர மறுத்தது.

அவன் வாசற்படியில் நின்றான். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுத்து, தானே போய் மறுமுனையைப் பிடித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருவரும் அதை மாடிப்படி வழியாகச் சுமந்துகொண்டு போனார்கள். திருப்பத்தில் சுவரில் இடித்தது. அம்மா நின்று மூச்சு வாங்கினாள். பிறகு ஏறினாள். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் மேல் மெத்தையை மடித்துப் போட்டபோது பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டார்கள். மெத்தையின் நடுவில் ஒரு ஆள் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா உள்ளங்கையால் அதைத் தட்டினாள். பஞ்சு எழும்பவில்லை. மறுபடியும் தட்டினாள். தூசி கிளம்பி அவள் நரைமுடியில் படிந்தது.

காற்று வேகமாக அடித்தது. மெத்தை தெருப் பக்கமாக மெல்ல வழுக்கியது.

"விடாத, பிடி," என்றாள் அம்மா, அவனைப் பார்க்காமலே.

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.