கடைசி இருக்கையில் ஒரு தொப்பிக்காரர்

வங்கிகள் வரிசைகட்டி நிற்கும் பகுதிக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் கம்பெனிகள் இருக்கும் பகுதிக்கும் நடுவே ஓடியது அந்தச் சிறிய பேருந்து. கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்பவர்களை இங்கே ஏற்றி அங்கே இறக்கும். அங்கே ஏற்றி இங்கே இறக்கும். பொழுதுக்கும் இதே வேலை. ஓட்டியவள் ஒரு பெண். கண்டக்டர் அவளைவிடச் சின்னவன், வாய் ஓயாதவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

தொப்பிக்காரர் முதலில் அவன் கண்ணில்தான் பட்டார்.

“அக்கா, கடைசி சீட்டுல தொப்பி போட்டவரைப் பாத்தீங்களா? காலைல ஏறினவரு. இன்னும் இறங்கலை.”

“தூங்கிட்டாரோ என்னவோ.”

“தூங்குறவரு, நாம டீ குடிக்க இறங்கினா கழுத்தை நீட்டிப் பாப்பாரா?”

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும். நாள் முழுக்கச் செல்லும் பயணச்சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, அதே இருக்கையில் சாய்ந்துகொள்வார். கண்ணாடியில் அவள் பார்க்கும்போதெல்லாம் தொப்பி விளிம்புக்குக் கீழே இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். மேலிடத்திலிருந்து ஆள் வைத்து வேவு பார்க்கிறார்கள் என்று டிப்போவில் ஏற்கனவே பேச்சு அடிபட்டது. அந்த ஆள் இவர்தான் என்று இருவரும் முடிவுகட்டினார்கள்.

பாலத்தடியில், நிறுத்தமே இல்லாத இடத்தில், அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் ஓர் அம்மா கை காட்டுவார். முட்டி தேய்ந்தவர். அவருக்காக வண்டியை ஓரங்கட்டுவது வழக்கம். ஒருநாள் மழையில் அவர் கை நீட்டி நின்றபோது, இவள் கண்ணாடியில் தொப்பியைப் பார்த்தாள், வண்டியை நிறுத்தவில்லை. கண்டக்டர் பின்கண்ணாடி வழியாக அந்த அம்மாவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், சாப்பிடும்போது அவள் கணவர் கேட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. அளந்து பேசுகிற மனிதர்.

“இன்னைக்குப் பாலத்து மேல ஒரே சிரிப்பாமே?”

அவள் கை தட்டிலேயே நின்றது. அன்று பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது, டிப்போ மேனேஜர் தும்முவதுபோல் கண்டக்டர் தும்மிக் காட்டினான். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வண்டியில் அப்போது ஆளே கிடையாது, கடைசி இருக்கையில் கண்மூடிக் கிடந்த தொப்பிக்காரரைத் தவிர.

“யாரு சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. ஏன், சொல்லக் கூடாதா?”

முதலில் அவள் சந்தேகப்பட்டது கண்டக்டரைத்தான். ஊரெல்லாம் பேசுகிற வாய், இவரிடம் மட்டும் பேசாதா?

“என் வீட்டுக்காரர்கிட்ட ஏதாவது உளறினியா?”

“நானா? அவரு நம்பர்கூட என்கிட்ட இல்லையேக்கா!”

அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டாள். அவனும் புரியாமல் கொஞ்சநாள் சுற்றி வந்துவிட்டு, முகம் தொங்கிப்போய் பின்பக்கமே நின்றுகொண்டான்.

பிறகு அவன் விடுப்பில் போன ஒருநாள், மாற்று ஆளாகக் காது மந்தமான ஒரு பெரியவர் வந்தார். கடைசி இருக்கையில் தொப்பிக்காரர் இருந்தார்; இன்றைக்குக் கணவர் காதுக்கு ஏதாவது போனால் அது அவர் வழியாகத்தான் என்று அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கப்பல் கம்பெனிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், முன்பின் தெரியாத போக்குவரத்துப் போலீஸ்காரரிடம், இந்தச் சாலையை எப்போது தோண்டப் போகிறார்கள் என்று சும்மா கேட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே சிரித்தாள்.

சாயங்காலம் கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“போலீஸ்காரன்கிட்ட என்ன அப்படிப் பேச்சு?”

“ரோடு தோண்டுறதைப் பத்தி” என்றாள். அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க இனி என்ன இருக்கிறது?

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் மற்ற எல்லோரும் இறங்கியதும், எழுந்து பின்னால் போய்த் தொப்பிக்காரரின் எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“என் வீட்டுக்காரர் சௌக்கியமா, பெரியவரே?”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதில்லாமல் பார்க்கப் பாவமாக இருந்தார். அவள் கணவர் லிஃப்ட் பார்க்கும் கட்டடத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவராம்.

“தப்பா நினைச்சுக்காதம்மா. அந்தக் கண்டக்டர் பையன் விஷயமா மனசுல ஒரு உறுத்தல், கொஞ்சம் பாத்துச் சொல்லுன்னு உன் வீட்டுக்காரன்தான் கேட்டான். பாத்தேன். ஒண்ணுமே இல்லப்பா, அக்கா தம்பி மாதிரி இருக்காங்கன்னு முத நாளே சொல்லிட்டேன்.”

“அப்புறம் எதுக்கு தினம் வந்தீங்க?”

“நல்லாப் பாரு, இன்னும் பாருன்னான்.”

வீட்டில் அவள் கத்தவில்லை. “அவன் எனக்குத் தம்பி மாதிரி. நம்பலைன்னா நாளைக்கு நீங்களே வந்து உக்காந்து பாருங்க” என்றாள். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். லீவு போட்டுவிட்டு வந்தே விட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அவருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இந்தச் சில நாள் வழக்கப்படி அவளிடம் பேசாமல் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடியில் கணவரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, இன்றோடு இது தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார்: “அவன் உன்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே, ஏன்? நான் இருந்ததாலயா?”

அவள் நான்கு புடவைகளையும் யூனிஃபார்மையும் பையில் திணித்துக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கண்டக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். “உன்னையே சந்தேகப்பட்டேன்டா, மன்னிச்சுக்கோ” என்றாள். “அந்த அம்மாவை மழையில விட்டோமேக்கா, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை” என்றான்.

சில வாரம் கழித்துக் கணவர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

“வீட்டுக்கு வா. எனக்கு இப்ப ஒரு சந்தேகமும் இல்ல.”

“எப்படிப் போச்சு?”

“டிப்போவுல விசாரிச்சேன். எல்லாரும் உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் சொன்னாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “நான் சொன்னப்ப போகலை, அவங்க சொன்னதும் போயிடுச்சா? நாளைக்கு எவனாவது மாத்திச் சொன்னா?”

ஆனாலும் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். அவர் கிளம்பும்போது, “இப்போதைக்கு வரலை” என்று மட்டும் சொன்னாள்.

கதவைச் சாத்தியதும், “என்னடி சொல்றாரு?” என்றாள் அக்கா.

“விசாரிச்சுட்டாராம்.”

மறுநாள் முதல் வண்டி அவளுடையது. சீக்கிரமே படுத்தாள், படுத்ததும் தூங்கிப்போனாள்.