ஜல்லி நிறம்

ரோலர் ஓட்டுகிறவனுக்குச் 'சரி' என்றுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்தான் அவன் வாயில் வரும் என்பதால் தார் போடுகிறவர்கள் வைத்தது. கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அதற்கும் சரி என்பான்.

ரோடு வேலையை எடுத்திருந்தவர் அவளுடைய அண்ணன். சோறு போடுகிறவர் மச்சான் என்பதால் தலையாட்டுவது இன்னும் சுலபம்.

ஜல்லியைப் பரப்பியபின் தார் கிடைக்காமல் சில வாரம் நின்றிருந்த வேலை அன்றுதான் மறுபடி தொடங்கியது. தார் வண்டி வருவதற்குள் ஜல்லி முழுவதும் இறுகியாக வேண்டும். இந்த முறையும் தாமதமானால் அடுத்த ரோடு மச்சானுக்குக் கிடைக்காது.

ரோலரை ஜல்லிமேல் ஏற்றினான். உருளைக்கு முன்னால் ஒரு பறவை நின்றது. நெட்டைக் கால், ஒரு கைப்பிடி உடம்பு. ஹாரன் அடித்தான். பறக்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினான். பறவை பின்வாங்குவதற்குப் பதில் முன்னால் வந்தது. இரண்டு சிறகையும் விரித்து இரும்பைப் பார்த்துக் கத்தியது.

பத்து டன் நின்றது.

இறங்கித் தேடினான். வெறும் ஜல்லி. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியபோது, கீழே நான்கு கற்கள் தங்கள் கூர்முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தன. கற்கள் அப்படிக் கிடக்காது, முட்டைகள்தான் கிடக்கும். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜல்லியோடே வாழ்ந்தவன் அவன். அதே சாம்பல், அதே கறுப்புப் புள்ளி, ஓரத்துத் தூசி உட்பட எதுவும் விட்டுப்போகவில்லை. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி கல்லாகியிருந்தன.

மச்சான் வந்தார். தார் வண்டியைச் சொன்னார், அடுத்த ரோட்டைச் சொன்னார், ஒரு குருவிக்காகக் குடும்பம் தெருவில் நிற்பதா என்றார்.

"ஏத்துங்க மாப்ளே. அதுவா பறந்துடும்."

"முடியாது மச்சான்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. தார் போடுகிறவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

"வேலை போச்சுன்னா என் தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"போச்சுன்னு சொல்லுவேன்."

மச்சான் தானே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பறவை மறுபடி சிறகை விரித்தது. கியரில் கை வைத்தபடி அவர் வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு பின்னால் எடுத்தார். இறங்கியபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்தக் கோடியிலேருந்து வாங்க. இது கடைசியில."

அந்தக் கோடியிலிருந்து வந்தான். நாளுக்கு நாள் ரோலர் நெருங்க, தரை அதிர்ந்தது. பறவை அசையவில்லை. உச்சி வெயிலில் அதன் ஜோடி, ரோலரிலிருந்து சொட்டித் தேங்கிய தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு நடந்து வந்து, இதை எழுப்பிவிட்டு உட்கார்ந்தது. அடைகாப்பது என்றால் சூடாக்குவது என்றே அவன் அதுவரை நினைத்திருந்தான். அன்று முதல் சாயங்காலங்களில் ரோலரின் தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடுவதில்லை.

வீட்டில் சொன்னான். "உங்க வாயில இன்னொரு வார்த்தையும் இருக்குதா?" என்றாள் மனைவி.

ஒரு பாய் அகலம் மட்டும் மிச்சமிருந்த காலையில் தார் வண்டி வந்து நின்றது. மச்சான் வண்டியைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. தார் ஆறிக்கொண்டிருந்தது. அவனும் கிளப்பவில்லை.

பறவை எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றது. கத்தவில்லை. தொண்டைக்குள் மெல்ல ஏதோ சொன்னது.

ஜல்லி எழுந்தது.

ஒன்று, பிறகு இன்னொன்று. கல்லுக்குக் கால் முளைத்து, தள்ளாடி, விழுந்து, எழுந்து நடந்தது. பிறந்த ஈரம் காய்ந்து ஒரு பொழுதுகூட ஆகியிராது. போக வேண்டிய திசை அதற்குத் தெரிந்திருந்தது. மச்சான் கையை மட்டும் உயர்த்தினார். தார் வண்டிக்காரர் இஞ்சினை அணைத்தார். நான்காவது, புல்லுக்குள் போய் மறையும்வரை ஒருவரும் இருமக்கூட இல்லை.

மச்சான் அந்த இடத்தில் போய்க் குனிந்தார். கூடு என்று ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு குழி, அவ்வளவுதான். "இத வச்சா நம்மள நிறுத்துச்சு?" என்றார், யாரிடமும் என்றில்லாமல். பிறகு, "சரி, ஏத்துங்க."

அவன் ஏறவில்லை. மிச்சமிருந்த ஜல்லியின் ஓரத்தில் குந்தி, ஒவ்வொரு கல்லும் கல்தானா என்று பார்க்கத் தொடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து மச்சானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்தில் குந்தினார்.