அளவுக்கு நிற்கும் ஆள்

கம்ப்யூட்டரில் அவளுக்கு வட்டம் வந்தபாடில்லை. மையப்புள்ளியில் கிளிக் செய்து, ஆரம் அறுபது என்று தட்டி, என்டர் அடித்தாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"அக்கா, வட்டம் எங்கேயும் ஓடிப்போகல. மவுஸ் சக்கரத்தைப் பின்னாடி உருட்டுங்க, தெரியும்," என்றாள் டிராயிங் பயிற்சி மையத்து டீச்சர். மாணவியைவிடப் பத்து வயது இளையவள்.

பதினாறு நாளாக இந்தக் கூத்துதான். தையல் கம்பெனியில் பொத்தான் வைத்துப் பழகிய விரலுக்கு மவுஸ் பிடிபடவில்லை. ஆனால் ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் புருஷன் பாய்லர் தொழிற்சாலையில் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனார். அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஒன்பது வருஷம் காண்டிராக்டில் உழைத்த மனுஷனுக்கு ஒரு சீட்டு இல்லை, அட்டை இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை விசாரணை. அவர் அங்கே வேலை பார்த்தார் என்று காட்ட ஏதாவது வேண்டும். இல்லையென்றால் நஷ்டஈடு கிடையாது.

அன்று புதன். பயிற்சிக்காக அதே தொழிற்சாலை இலவசமாகக் கொடுத்திருந்த பழைய டிராயிங்கைத் திறக்கச் சொன்னாள் டீச்சர். பாய்லரின் முன்தோற்றம். பக்கத்தில் வெறும் கோட்டால் ஆன ஒரு மனிதன். கண் இல்லை, வாய் இல்லை. இடது தோள் சற்று இறங்கியிருந்தது. வலது கை இடுப்பில். அதில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"டீச்சர், இது எங்க வீட்டுக்காரர்."

"ஐயோ அக்கா, அது அளவுக்கு நிக்கவைக்கிற ஆளு. பக்கத்துல ஆள் நின்னாத்தானே பாய்லர் எவ்வளவு உசரம்னு தெரியும்?"

"ஒருநாள் வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்கவச்சு போட்டோ எடுத்தாங்கன்னு வந்து சொன்னாரு. 'எந்தப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்?'னு நான்கூடக் கிண்டல் பண்ணினேன்."

டீச்சர் அளவெடுக்கும் கட்டளையைக் காட்டினாள். குதிகாலில் ஒரு கிளிக், உச்சந்தலையில் ஒரு கிளிக். 1630 மில்லிமீட்டர். பிணவறைச் சீட்டிலும் நூற்று அறுபத்துமூன்று சென்டிமீட்டர் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

தொட்டதும் அவர் நீலமாக ஒளிர்ந்தார். அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். அடுத்த தாளில் புகைபோக்கிக்குக் கீழே நின்றார். அதற்கடுத்ததில் தண்ணீர்த் தொட்டி ஓரம். ஆறாவது தாளில் ஏணியின் உச்சியில். எல்லா இடத்திலும் அதே நிற்பு, அதே இறங்கிய தோள். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் போலிருந்தது. சுற்றிலும் பத்துப் பேர் டக் டக்கென்று மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கே காணாமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் சேவ் பொத்தானை மூன்று தடவை அழுத்தினாள். பிறகு பென்டிரைவில் ஏற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் கம்பெனிக்குப் போன் பண்ணி, அந்த ஆளு யாருன்னு கேட்டேன் அக்கா. உடனே புது ஃபைல் அனுப்பிட்டாங்க. பழசை அழிச்சிரச் சொன்னாங்க."

பதினோரு திரையிலும் பாய்லர் பக்கத்தில் வேறொருவன் நின்றான். டை கட்டியிருந்தான், கையில் பெட்டி.

"எல்லாத் தாள்லயுமா?"

"ஒருத்தரை மாத்தினா எல்லா இடத்துலயும் மாறிடும் அக்கா."

வெள்ளிக்கிழமை அதிகாரி அவளுடைய பென்டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். எதிரே தொழிற்சாலை மேனேஜர் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தார்.

"எங்க டிராயிங் இதுதான் சார். அது இந்தம்மாவே வரைஞ்சது. வரையத்தானே படிக்கிறாங்க?"

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது முந்தாநாள் சேவ் ஆகியிருக்கே. நீங்க வரையக் கத்துக்கிறீங்களாம்மா?"

"ஆமாங்க சார். ஆனா எனக்கு இன்னும் ஒரு வட்டங்கூட ஒழுங்கா வராதுங்க."

"கத்துக்கிறீங்கல்ல?" என்றார் அதிகாரி. கோபமே இல்லாமல்தான் கேட்டார். கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்.

அவள் எழுந்து மேனேஜரின் திரையைக் கிட்டே போய்ப் பார்த்தாள். பாய்லரைச் சுற்றி ஆள் நடக்கும் நடைமேடைக்கு மேலே நீராவிக் குழாய் போயிற்று. புதியவன் ஆறடி.

"சார், இவரால இங்க நிக்க முடியாதுங்க. தலை குழாய்க்குள்ள இருக்கு. எங்க வீட்டுக்காரர் உசரத்துக்குத்தான் குழாயையே வச்சிருக்காங்க."

மேனேஜர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "அட, ஆமா. சரி பண்ணச் சொல்லிடறேன்."

அதிகாரி தாளை அவள் பக்கம் தள்ளினார். மனு தள்ளுபடி. கீழே அவள் கையெழுத்துப் போட ஓர் இடம். போட்டாள்.

நிமிர்ந்தபோது மேனேஜர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நடைமேடைத் தாளில் டை கட்டியவன் பெட்டியும் கையுமாக, கழுத்துவரை குழாய்க்கு வெளியே தெரிய, வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.